காயலான் கடை அச்சும் கைக்காசும்

கேள்வி: அண்ணா, என்னிடம் 1993 ஜீப் செரோக்கி இருக்கிறது. 4.0 லிட்டர் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், 33 அங்குல டயர், முன் டிஃபரென்ஷியலில் (அச்சின் நடுவில் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) விலை குறைந்த ரக லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் சாதனம்). போன ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாறைப் பாதையில் பக் ஐலண்ட் ஏரிக்கு முன்னால் ஒரு பாறைப் படியில் வலது முன் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. நண்பர்கள் இழுத்து வந்து சேர்த்தார்கள். டிஃபரென்ஷியல் எண்ணெயை வடித்துப் பார்த்தேன், பல்துண்டு எதுவும் வரவில்லை. இப்போது இருப்பது டானா 30 முன் அச்சு (டானா என்பது அச்சு ரகத்தின் பெயர்). இனி கனமான முன் அச்சு போட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியே 35 அங்குல டயருக்கும் போகலாம் என்று ஆசை. கையில் 2,500 டாலர் இருக்கிறது. மூன்று அச்சுகள் விலைக்கு வந்திருக்கின்றன: 1978 ஷெவர்லே கே10 டானா 44, 250 டாலர், 1978 ஃபோர்டு எஃப்-250 டானா 44, 600 டாலர், 2000 ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டியின் முன் டானா 60, பின் அச்சும் சேர்த்து 1,400 டாலர். எதை வாங்கட்டும்? உடைந்த ஷாஃப்டின் படம் இணைத்திருக்கிறேன். (வாசகர், சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா)

பதில்:

தம்பி, படம் அனுப்பியது நல்லதாயிற்று. பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் உள்முனைப் பற்கள் நேராக நிற்கின்றன, முறுக்கேறவில்லை. தண்டு நடுவில் முறியவும் இல்லை. போனது முனையில் இருக்கும் காது மட்டும்தான். ஒரு காது விரிந்து நிற்கிறது, எதிர்க்காது ஒடிந்திருக்கிறது, நடுவில் இருக்க வேண்டிய கிராஸின் (இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைத்துச் சுழலவிடும் சிலுவை வடிவ ஜாயின்ட்) ஒரு தொப்பியைக் காணோம். டிஃபரென்ஷியல் எண்ணெயை வடித்தபோது பல்துண்டு எதுவும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கிரவுன் பினியன் (பெரிய கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் சேர்ந்த பல்சக்கர ஜோடி) நன்றாகவே இருக்கிறது, ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு) வளையவில்லை. உடைந்தது அந்த கிராஸ் ஜாயின்ட். ஷாஃப்ட் அதோடு சேர்ந்து போயிருக்கிறது.

எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன், சரியா பாருங்கள். ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருந்தது. படியில் ஒரு சக்கரம் சிக்கியிருந்தது. வண்டி ஏறாததால் கொஞ்சம் மிதித்தீர்கள், டயர் துள்ளியது, துள்ளி இறங்கிப் பிடித்த அந்த நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒடிந்திருக்கும்போது கிராஸ் கூர்மையான கோணத்தில் வேலை செய்கிறது. தொப்பியைப் பிடித்திருக்கும் சின்ன சி-கிளிப் தெறித்து விழுகிறது, தொப்பி வெளியே நகர்கிறது, காது விரிகிறது. மீதி வேலையை லாக்கர் முடித்துவிடும். லாக்கர் இல்லாத வண்டியில் ஒரு சக்கரம் சிக்கினால் விசை மற்ற சக்கரத்தின் வழியே ஓடிவிடும். உங்கள் வண்டியில் அது ஓட வழியில்லை.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் என்ஜின் கொடுப்பது சுமார் 220 பவுண்டு-அடி. முதல் கியரில் 2.8 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) லோவில் 2.72 மடங்கு, அச்சில் 3.55 மடங்கு. பெருக்கினால் 5,900-ஐத் தாண்டுகிறது. உராய்வில் போவதைக் கழிக்கவில்லை, டார்க் கன்வர்ட்டர் கூட்டுவதைச் சேர்க்கவும் இல்லை. லோவில் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், பிடிமானம் எந்தச் சக்கரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் சுமை போகும். பின்சக்கரங்கள் புழுதியில் வழுக்கிக்கொண்டு, முன் வலது சக்கரம் மட்டும் கருங்கல்லைக் கவ்வியிருந்தால் இதில் பெரும்பங்கு உங்கள் கட்டைவிரல் பருமன் கிராஸ் ஒன்றின் மேல் ஏறுகிறது. 35 அங்குல டயருக்காக 4.56 பல் விகிதம் போட்டீர்கள் என்றால் அதே கணக்கு 7,600-ஐத் தொடும்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ஏ.பி.எஸ். இல்லாத 1993 செரோக்கியின் டானா 30-இல் இருப்பது 260 ரகச் சின்ன கிராஸ். 1995 முதல் அதே டானா 30-இல் 297 என்ற பெரிய ரகம் வந்துவிட்டது. நீங்கள் ஏங்கிக்கொண்டிருக்கும் டானா 44-இல் என்ன கிராஸ் தெரியுமா? அதே 297 தான்! தொப்பியின் வெளிவிட்டம் 1.188 அங்குலம், வெர்னியரில் வைத்தால் 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஆக, உங்களிடம் உடைந்த பாகத்தைப் பொறுத்தவரை, டானா 44 போடுவதும் 1995-க்குப் பிந்தைய டானா 30 ஷாஃப்ட் போடுவதும் ஒன்றுதான்.

டானா 44 வீண் என்று நான் சொல்லவில்லை. அதன் கிரவுன் வீல் 8.5 அங்குலம், உங்களுடையது கிட்டத்தட்ட 7.2. அதில் தண்டு 30 பல், உங்களுடையது 27. குழாய் தடிமன், பேரிங் பெரிது. ஆனால் இவை எதுவும் உங்களிடம் உடையவில்லை. காலில் முள் குத்தியவனுக்கு இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கொடுப்பதில் என்ன பயன்?

சரி, விலைக்கு வந்த மூன்றையும் பார்த்துவிடுவோம்.

ஷெவர்லே கே10 அச்சை இப்போதே மறந்துவிடுங்கள். அதில் டிஃபரென்ஷியல் குண்டு (பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி) வலது பக்கம் இருக்கிறது. செரோக்கியின் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்க புரப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே வருவது இடது பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். இரண்டும் சேராது. சேர்க்க வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்ற வேண்டும். 250 டாலர் மலிவாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். தேடும்போது '1986 எஃப்-150 டானா 44' என்று யாராவது கூவினால் ஆசைப்படாதீர்கள். 1980 முதல் 1996 வரை எஃப்-150-இல் வந்தது நடுவில் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே ஆடும் அச்சு. பெயர் 44 என்றாலும் நம் வேலைக்கு அதன் ஹவுசிங் ஆகாது. காயலான் கடையில் குனிந்து பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் மூன்று பேர்.

எஃப்-250 அச்சு நல்ல அச்சு. அதை விற்பவருக்குக் கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை என்றே நினைக்கிறேன். இடது பக்கக் குண்டு. பினியன் மேலே ஏறியிருக்கும் வகை, அதனால் புரப்பெல்லர் ஷாஃப்ட் பாறையில் அடிபடாது. முன் அச்சில் பல்லின் வலுவான முகத்தில் சுமை ஏறுவதும் இந்த வகையில்தான். உங்கள் டானா 30-ம் இதே மேல்பினியன் வகைதான். அந்த வகையில் நீங்கள் ஏற்கெனவே அதிர்ஷ்டசாலி. எஃப்-250 பட்டை ஸ்பிரிங் வண்டி என்பதால், அதே காலத்து எஃப்-150-இல் ஹவுசிங்கோடு வார்த்திருக்கும் ஆப்புகள் இதில் கிடையாது. அறுத்துத் தள்ளும் வேலை மிச்சம்.

ஆனால் 600 டாலர் நுழைவுச்சீட்டு மட்டும்தான். உங்கள் செரோக்கிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், நான்கு இணைப்புக் கைகள், ஒரு டிராக் பார் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). இவை அனைத்துக்கும் அச்சின் மேல் புதிதாக பிராக்கெட் வெட்டி, வைத்து, வெல்டு செய்ய வேண்டும். பிராக்கெட், மேலே போடும் தாங்குசட்டம் இரண்டுக்கும் 500. பல் விகிதம் மாற்றி, பேரிங் போட்டு, லாக்கரும் வாங்கினால் 1,200-க்குக் குறையாது. உங்கள் பழைய லாக்கர் 27 பல்லுக்கானது, இதில் ஏறாது. ஸ்டியரிங் ராடுகள், முனைகள் 400. முன்பக்கம் எட்டு நட்டு, பின்பக்கம் ஐந்து நட்டு என்றால் ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கு வைப்பீர்கள்? எஃப்-150 நக்கிள் (ஸ்டியரிங்கோடு திரும்பிச் சக்கரத்தைத் தாங்கும் முனை) வாங்கி ஐந்து நட்டாக்கலாம், அப்போதும் நட்டு வட்டம் 5.5 அங்குலம், உங்களுடையது 4.5. ஆக ரிம் ஐந்து, பின் அச்சுக்கும் ஒரு வழி. இரு பக்கமும் சேர்த்து 5, 6 அங்குலம் அகலம் கூடுவதால் மட்கார்டு வெட்ட வேண்டும். பெரிய பிரேக் காலிப்பருக்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டர். இவை எங்கள் பக்கத்துத் தோராய விலைகள், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எப்படிக் கூட்டினாலும் 4,500-க்குக் கீழே எனக்கு வரவில்லை, வெல்டிங் கூலியே சேர்க்காமல்.

மூன்றாவது, அந்த ஜோடி. முன்னும் பின்னும் ஒரே வண்டியிலிருந்து வருவது பெரிய வசதி: பல் விகிதம் பொருந்தும், நட்டு வட்டம் பொருந்தும், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். பெரிய அச்சுக்குப் போவதென்றால் ஜோடியாகவே போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் 2000-ஆம் ஆண்டு எஃப்-250-இல் டானா 60 என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். அந்த ஆண்டு எஃப்-250-களில் பெரும்பாலும் இருப்பது டானா 50. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கிரவுன் வீல் மட்டும் 9.75-க்குப் பதில் 9 அங்குலம். ஹவுசிங்கில் எண் வார்த்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படியுங்கள். 50 என்று இருந்தால் விலை பாதி ஆக வேண்டும்.

நிஜமாகவே 60 ஆக இருந்தாலும் உங்கள் வண்டிக்கு இப்போது வேண்டாம் என்பேன். செரோக்கிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. மடித்த தகரத்தாலான உடம்பே சேஸிஸ். அதன் கீழே இரண்டு மடங்கு எடையில் அச்சைத் தொங்கவிட்டால் இணைப்புக் கைகள் பிடித்திருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் தகரம் கிழியும். முதலில் அடியில் நீளவாக்கில் தகடு போட்டு வலுவூட்ட வேண்டும். ரிம் 16 அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும், உங்கள் 15 காலிப்பரில் இடிக்கும். இவ்வளவும் செய்துவிட்டு 35 அங்குல டயர் மாட்டினால், குண்டு அவ்வளவு பெரிது, பாறைக்கும் குண்டுக்கும் இடைவெளி இப்போது 33-இல் இருப்பதைவிட அதிகமாகிவிடாது. டானா 60 என்பது 37-க்கும் அதற்கு மேலும் போகிறவர்களுக்கு. கிராஸ் தொப்பியே 1.375 அங்குலம்! தண்டு 35 பல். அருமையான சாமான், மறுக்கவில்லை. என் வண்டியில் நான் போட்டிருப்பதும் அதுதான், ஆனால் ஆறு வருடம் சேர்த்துச் சேர்த்துப் போட்டது.

அப்புறம் என்னதான் செய்வது என்கிறீர்களா? நான் சொல்லப் போகும் அச்சு உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இன்னொரு டானா 30 வாங்குங்கள்.

சும்மா சொல்லவில்லை. 1995 முதல் 1998 வரையிலான செரோக்கிகளில் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினும் கையால் போடும் கியரும் உள்ள நாலு சக்கர வண்டி ஒன்றைக் காயலான் கடையில் தேடுங்கள். அந்தச் சின்ன என்ஜினை யாரும் சீண்டுவதில்லை, அச்சோடு கிடக்கும். என்ஜின் பலம் குறைவு என்பதால் கம்பெனியே அதில் 4.10 விகிதம் போட்டிருக்கும். மேல்பினியன். கிராஸ் பெரிய 297. உங்கள் வண்டியின் அதே இணைப்புக் கைகள், அதே டிராக் பார், அதே ஐந்து நட்டு. வெல்டிங் கிடையாது, போல்ட்டு கழற்றி போல்ட்டு மாட்டும் வேலை. நக்கிள், பிரேக் எல்லாவற்றோடும் முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் 250 டாலருக்குள் கிடைக்கிறது.

4.10 எதற்கு? உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து 28 அங்குலத்துக்குச் சற்று மேலான டயரோடு 3.55 விகிதத்தில் வந்தது. 33 போட்டதும் வண்டி சோம்பிப்போனதைக் கவனித்திருப்பீர்கள். 3.55-ஐ 33-ஆல் பெருக்கி 28.3-ஆல் வகுத்தால் 4.14. காயலான் கடையில் கிடப்பது 4.10. இதைவிடப் பொருத்தம் பார்க்க ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

விற்பவர் சொல்லும் விகிதத்தை நம்பாமல் அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். பினியன் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு பக்கப் பிரேக் டிஸ்க்கை நண்பரை விட்டு அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் நான்கு சுற்றைத் தாண்டி இன்னும் ஒரு பத்தில் ஒரு பங்கு போனால் 4.10. மூன்றரைச் சுற்றில் நின்றால் 3.55, அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். டிஃபரென்ஷியல் மூடியைக் கழற்றிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது: கிரவுன் வீல் விளிம்பில் பல் எண்ணிக்கை 41, 10 என்று குத்தியிருக்கும். எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங் எல்லாம் புதிதாக வேண்டியிருக்கும், விலையில் பேசுங்கள்.

பின்னால் உங்களுக்கு இருப்பது டானா 35-ஆக இருக்கலாம். முன் அச்சுக்காக இவ்வளவு கவலைப்படும் நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! அந்த வண்டியின் நிஜமான நோஞ்சான் அதுதான். முன்னால் 4.10 போட்டால் பின்னாலும் 4.10 வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கர ஓட்டத்தில் இரண்டும் மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் போய்விடும். எனவே இந்தச் சாக்கில் அதையும் மாற்றிவிடுவோம். 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குலப் பின் அச்சைத் தேடுங்கள். தண்டு 31 பல், டிஸ்க் பிரேக், நட்டு வட்டம் உங்களுடையதே, அகலமும் கிட்டத்தட்ட உங்களுடையதே. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆக்சில் குறியீடு டி2 என்றிருந்தால் 4.10, அதோடு வழுக்கல் கட்டுப்பாட்டு டிஃபரென்ஷியலும் இலவசம். பட்டை ஸ்பிரிங் உட்காரும் இருக்கைகளைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும், புரப்பெல்லர் ஷாஃப்ட் சேர ஒரு ஃபிளாஞ்சு வேண்டும், பின்னால் டிரம்முக்குப் பதில் டிஸ்க் என்பதால் பிரேக் விசையைப் பங்கிடும் வால்வை மாற்ற வேண்டும். குழாய் குண்டோடு சேரும் இடத்தைச் சுற்றிலும் வெல்டு ஓட்டிவிடுங்கள், பாறையில் அடிபட்டால் குழாய் திரும்பிவிடும் பழக்கம் இதற்கு உண்டு. குண்டு வார்ப்பிரும்பு என்பதை மறந்துவிடாதீர்கள். தெருமுனை வெல்டர் சாதாரண ராடைப் போட்டு ஓட்டினால் ஆறும்போதே மயிரிழை விரிசல் விழும். நன்றாகச் சூடேற்றி, நிக்கல் ராடில் துண்டு துண்டாக ஓட்டி, மேலே தீத்துணி சுற்றி மெல்ல ஆறவிட வேண்டும்.

முன் அச்சுக்குத் திரும்புவோம். மிச்சமிருக்கும் பணத்தில் குரோம்-மாலி எஃகு ஷாஃப்ட் ஒரு ஜோடி, 760 ரக கிராஸோடு. 760 என்பது 297-இன் அதே அளவு, கிரீஸ் துளை இல்லாத கெட்டி உடம்பு. தொப்பியைப் பிடிக்கச் சின்ன சி-கிளிப்புக்குப் பதில் முழுவட்டக் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஷாஃப்டைக் கொன்றது அந்தச் சின்னக் கிளிப் தெறித்ததுதான். இதற்கு 550, 600 ஆகும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் காயலான் கடையில் வரும் 297 ஷாஃப்டையே புது கிராஸ் போட்டு ஓட்டுங்கள். இப்போது இருப்பதைவிட அதுவே ஒரு படி மேல். பால் ஜாயின்ட் நான்கும் புதிது. நக்கிளைப் பிடித்திருக்கும் சி வடிவ முனைகளுக்கு வலுத்தகடு. உங்கள் லாக்கரைப் பழைய அச்சிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் 27 பல். உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு முன் அதோடு வந்த தாளில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள்.

எல்லாம் கூட்டினால் எனக்கு 2,000-க்கும் 2,300-க்கும் நடுவில் வருகிறது. மீதியை வைத்துப் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை சொல்லியும் அந்த எஃப்-250 அச்சின் மேலேயே உங்கள் கண் இருக்கும் என்று எனக்குத் தெரியும். 25 வருடம் முன்னால் எனக்கும் இருந்தது. அதனால் அதைப் பற்றி ஒன்று மட்டும் விரிவாக எழுதிவிடுகிறேன், என்றைக்காவது போடும்போது உதவும்.

சைக்கிளைப் பாருங்கள். முன் ஃபோர்க் நேர்செங்குத்தாக இருக்காது, தலை பின்னால் சாய்ந்து, கால் முன்னால் நீண்டிருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்மானமும் ஒரு காரணம். காரில் அதற்குப் பெயர் கேஸ்டர். உங்கள் செரோக்கிக்கு 7 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். அதே அச்சில் பினியன் முனையும் டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் புரப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். ஃபோர்டு வண்டியில் இந்த இரண்டு கோணங்களுக்கும் நடுவில் இருந்த உறவு வேறு, ஜீப்பில் வேண்டியது வேறு. அச்சைச் சுழற்றிப் பினியனை மேலே தூக்கினால் கேஸ்டர் குறையும். கேஸ்டரைச் சரி செய்தால் பினியன் தரையைப் பார்க்கும்.

பீளமேட்டில் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாத இரும்பா என்ற திமிர் இருந்தது. நான் முதன்முதலில் போட்ட டானா 44-இல் பினியனை மட்டம் பார்த்து அழகாக வைத்து, பிராக்கெட் எல்லாவற்றையும் வெல்டு செய்து முடித்தேன். கேஸ்டரை அளக்கவே இல்லை. சாலையில் எடுத்து 45 மைல் வேகம் வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் 'தடக்' என்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான், ஸ்டியரிங் கையைவிட்டுத் திமிறி இடமும் வலமும் அடிக்க ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தும்வரை நிற்கவில்லை. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது. பிறகு அளந்தால் கேஸ்டர் ஒன்றரை டிகிரி.

சரி செய்ய ஒரே வழி, குழாயின் முனையில் அழுத்தி வெல்டு செய்திருக்கும் அந்த சி முனைகளை விடுவித்துச் சுழற்றுவது. கிரைண்டரில் வெல்டை மட்டும் சுற்றி அறுக்க வேண்டும், குழாயைத் தொடக்கூடாது. வெல்டு போகும்வரை வெட்டும் கோடு மங்கலாகத் தெரியும், குழாய் தெரிந்ததும் ஒரு மெல்லிய கறுப்பு வட்டம் தோன்றும். அதோடு நிறுத்த வேண்டும். அப்புறம் பெரிய சம்மட்டியால் தட்டித் தட்டி, கோண அளவியை வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் கால் டிகிரிக்குள் ஒத்துவரும்வரை திருப்பி, திரும்ப வெல்டு. இடது ஒரு கோணம், வலது ஒரு கோணம் என்று ஆகிவிட்டால் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். எனக்கு அந்த வேலைக்கு மூன்று நாள் ஆயிற்று. பிராக்கெட் வெல்டு செய்வதற்கு முன்னால் செய்திருந்தால் அரை நாள்.

அதோடு டிராக் பாரும் ஸ்டியரிங்கின் இழுவை ராடும் முன்னாலிருந்து பார்க்கும்போது ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். நான் சொன்ன டானா 30 வழியில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, கம்பெனியே பார்த்துவைத்துவிட்டது.

35 அங்குல ஆசையைப் பற்றி. இந்த முன் அச்சில் 35 போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லாக்கரோடு, பாறையில், ஸ்டியரிங்கை ஒடித்து மிதிக்கிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்போது கிராஸ் தாங்கும், அடுத்து கிரவுன் பினியன் பல் போகும், அதைக் காட்டில் வைத்து மாற்ற முடியாது. ரூபிகானை 33-இல் முடிக்கலாம், கடினமான பாறைகளைச் சுற்றிப் போகக் கிளைவழிகள் இருக்கின்றன.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். லாக்கரும் கிடையாது, 33 அங்குல டயரும் கிடையாது, உள்ளே முழுக்க ஆள். அந்த ஓட்டுநர் எந்த இடத்திலும் டயரைத் துள்ளவிட மாட்டார். சக்கரம் துள்ளத் தொடங்கியதும் காலை எடுத்து, பின்னுக்கு ஒரு முழம் விட்டு, ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டு மறுபடி ஏற்றுவார். அதைப் பழகிக்கொண்டால் சின்ன கிராஸே உங்களுக்குப் பல வருடம் வந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் இடது பக்க ஷாஃப்டையும் உருவிப் பாருங்கள். அச்சு நட்டுக்கு 36 மில்லிமீட்டர் சாக்கெட், ஹப் பேரிங்கைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளுக்கு 12 முனையுள்ள 13 மில்லிமீட்டர் சாக்கெட். துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டுக்கு 75 பவுண்டு-அடி, அச்சு நட்டுக்கு 175. காது விரிந்திருக்கிறதா என்று அறிய, கிராஸ் தொப்பியை விரலால் அழுத்துங்கள். விரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அதுவும் போய்விட்டது, எறிந்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி, புது அச்சு ஏறியதும் பின் இருக்கைக்கு அடியில் போட்டு வையுங்கள். நீளம் அதேதான், கூட ஓட்டி வரும் நண்பர் யாருக்காவது பாதி வழியில் தேவைப்படும்.